பால்கனியில் ஒரு மூக்கு

பூட்டுக்காரருக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை. தொழில் கொடுத்த புத்தி என்பார். கடைத்தெரு முனையில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை. சுவர் நிறைய ஆணிகளில் வெட்டாத சாவிகள், நடுவில் சாவி வெட்டும் மெஷின். வந்தவர் அசல் சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கடைப்பக்கம் நகர்ந்தால் போதும், பிடித்துக்கொள்வார்.

"எங்க போறீங்க? நின்னு பாருங்க. நான் ஒண்ணுக்கு ரெண்டா வெட்டி ஒண்ணைப் பைக்குள்ள போட்டுக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

வந்தவர் சிரிப்பார். பூட்டுக்காரர் சிரிக்கமாட்டார்.

வீட்டிலும் அதே கதைதான். குடும்பத்தோடு வெளியே கிளம்பினால் மாடிப்படியில் பாதி இறங்கியவர், திரும்ப ஏறிப் போய்ப் பூட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார். கீழே நிற்கும் மனைவி, "பூட்டு இருக்கா, இல்ல கையோட வந்துடுச்சா?" என்று கேட்பாள். அதற்கும் அவருக்குச் சிரிப்பு வராது.

அவர்கள் குடியிருந்தது ஒரு பழைய அடுக்குமாடியின் மேல்தளத்தில். பின்பக்கக் குறுகிய சந்தினைத் தாண்டினால் ஓர் உயரமான மதில்; மதிலுக்கு அப்பால் ஆலை. மீன் கழிவையும் எலும்பையும் கொதிக்க வைத்து, உலர்த்தி, அரைத்துக் கோழித்தீவன மாவாக்கும் இடம் அது. தெருவில் எல்லாரும் அதை 'மாவு மில்' என்றார்கள். கேட்கச் சாதுவாக இருக்கும் பெயர். கொதிகலனைத் திறக்கிற நாளில் சந்தில் நடப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். மாடியில் காயும் துணியை மறுபடி துவைக்க வேண்டியிருக்கும்.

புகார் கொடுக்கலாம் என்று முதலில் கிளம்பியவர் பூட்டுக்காரர்தான். கீழ்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவரும் கூட வந்தார். சுற்றுச்சூழல் அலுவலகத்தில் இருந்த அதிகாரி இருவரையும் உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் பேசினார்.

"நாத்தம்னு நீங்க சொல்றீங்க. வாசனையே இல்லைன்னு மில்லுக்காரங்க சொல்றாங்க. நான் யாரை நம்புறது? அளந்து காட்டினாத்தான் நடவடிக்கை எடுக்க முடியும்."

யாரை நம்புவது என்ற கேள்வி பூட்டுக்காரருக்கு மிகவும் பிடித்துப்போனது. "அப்ப அளங்க" என்றார்.

சில வாரங்கள் கழித்து ஒரு சாம்பல் நிறப் பெட்டியோடு ஓர் இளம்பெண் வந்து சேர்ந்தாள். மில்லைப் பார்த்திருக்கும் பால்கனி, மின் இணைப்பு, நல்ல உயரம் எல்லாம் ஒருசேர இருந்தது பூட்டுக்காரர் வீட்டில்தான். பெட்டிக்காரப் பெண் கம்பியில் அதை முடுக்கிக்கொண்டே விளக்கம் சொன்னாள். நடுநடுவே கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இது எலெக்ட்ரானிக் மூக்கு சார். உள்ள நிறைய சென்சார் இருக்கு. ஒவ்வொண்ணு மேலயும் ஒவ்வொரு விதமான பூச்சு. ஒரு வாசனை பட்டா ஒண்ணு ரொம்ப அசையும், இன்னொண்ணு லேசா அசையும், வேற ஒண்ணு சும்மா கிடக்கும். எது எது எவ்வளவு அசைஞ்சதுன்னு மொத்தமாப் பாத்து இது இன்ன வாசனைன்னு சொல்லிடும். நம்ம மூக்கும் மூளையும் அப்படித்தான் வேலை செய்யுது. அதைப் பாத்துதான் இதைச் செஞ்சாங்க."

பூட்டுக்காரருக்கு அது சட்டென்று புரிந்தது. பூட்டுக்குள் வரிசையாகப் பின்கள் இருக்கும். சாவியின் பல் ஒவ்வொரு பின்னையும் ஒவ்வோர் உயரத்துக்குத் தூக்கும். எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் திறக்கும். "சாவி மாதிரி" என்றார்.

"ரொம்பச் சரி சார்! இதுல ஒரு சென்சார்ல விட்டில்பூச்சியோட உணர்கொம்புல இருக்கிற மாதிரிப் புரதம் கூட வச்சிருக்கு. ஆண் விட்டில் எங்கயோ இருக்கிற பெண் விட்டிலை மோந்தே தேடிப் போயிடும்."

அவர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அடியில் வரிசையாகத் துளைகள். "இது நாங்க பேசுறதைக் கேக்குமா?"

"இதுக்குக் காது கிடையாது சார்."

அவள் சிரித்தாள். சிரித்ததால் அவருக்குச் சந்தேகம் கூடியது.

கடைசியாக அவள் பெட்டியைத் தொடங்கிவைக்க வேண்டியிருந்தது. "சுத்தமான காத்து அடைச்ச சிலிண்டர் ஒண்ணு வரணும். அதைக் காட்டி, இதுதான் பூஜ்யம்னு பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்கணும். சிலிண்டர் வர்றது லேட்டாகுது. இப்போதைக்கு இங்க இருக்கிற காத்தையே வச்சு ஆரம்பிச்சிடுறேன். இப்ப நாத்தம் ஏதாவது இருக்கா சார்? எனக்கு ஜலதோஷம், ஒண்ணும் தெரியலை."

பூட்டுக்காரர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெஞ்சு விரிய ஓர் இழுப்பு இழுத்தார். "ஒண்ணும் இல்லம்மா. இன்னிக்குக் காத்து சுத்தம்."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். பெட்டியின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது.

எரிந்தது எரிந்தபடியே இருந்தது. மில் கொதிகலனைத் திறந்து, தெருவே குமட்டிக்கொண்டு ஜன்னல்களைச் சாத்தினால், பெட்டி சற்று மஞ்சளாகும். உடனே பச்சைக்குத் திரும்பிவிடும். நாற்றம் வரம்பு மீறினால் எரிய வேண்டிய சிவப்பைக் கண்டவர் யாருமில்லை. காற்று வரம்புக்குள் இருக்கிறது என்று அலுவலகம் பதில் அனுப்பியது. வாத்தியார் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து, வாசலிலேயே நின்றார்.

"பூட்டுக்காரரே, உங்க மச்சினன் அந்த மில்லுலதானே வேலை பாக்கிறான்?"

"ஆமா. கொதிகலன்ல. அதுக்கென்ன?"

"இல்ல, சும்மா கேட்டேன். பெட்டி வேற உங்க வீட்ல இருக்கு." சும்மா கேட்ட முகமாக அது இல்லை. அதற்குப் பிறகு மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் அவரைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். வாழ்நாள் முழுக்க ஊரைச் சந்தேகப்பட்டவரை முதல்முறையாக ஊர் சந்தேகப்பட்டது. அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. சோறு இறங்கவில்லை.

ஆனால் வாத்தியார் போட்ட விதை அவருக்குள்ளும் விழுந்துவிட்டது.

பெட்டி பழுதா என்று முதலில் பார்த்தார். பெட்ரோலில் நனைத்த துணியை அதன் துளைகளுக்கு அருகே நீட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் சிவப்பு. துணியை எடுத்தார், கொஞ்ச நேரத்தில் பச்சை. ஆக, பெட்டி நன்றாகத்தான் மோக்கிறது. அப்படியென்றால் யாரோ அதை ஏமாற்றுகிறார்கள். மில் நாறுகிற நேரத்தில் அதன் மூக்கைப் பொத்துகிறார்கள். வீட்டுக்குள் வந்து பொத்தக்கூடியவன் யார்?

மனைவியின் தம்பி வாரம் தவறாமல் வருவான். வந்தால் கூடத்தில் உட்காரமாட்டான். நேரே பால்கனிக்குப் போய்க் கம்பியில் சாய்ந்து நிற்பான். கூப்பிட்டால்தான் உள்ளே வருவான். இத்தனை வருடமாக அதைப் பற்றி நினைத்தே பார்த்திராத பூட்டுக்காரருக்கு, இப்போது அது அப்பட்டமாகத் தெரிந்தது. பால்கனிக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டு, ஒரு சாவியை மனைவியிடம் கொடுத்தார். கதவிடுக்கில் கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு நூலையும் செருகி வைத்தார்.

மச்சினன் வந்த ஒரு நாள் நூல் அறுந்து கிடந்தது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்காரர் தட்டில் கைவைக்காமல், "மாப்ள, மில்லுல உன்னை நல்லா கவனிச்சுக்கிறாங்க போல?" என்று ஆரம்பித்தார்.

"என்ன மாமா திடீர்னு?"

"அந்தப் பெட்டிகிட்ட உனக்கு என்ன வேலை?"

அவன் அக்காவைப் பார்த்தான். "நான் எதையும் தொடலை மாமா."

"தொடலையா? கதவு திறந்திருக்கு. நான் நூல் வச்சிருந்தேன்."

"துணி காயப்போட நான்தான் திறந்தேன்" என்றாள் மனைவி. "நூல் வச்சீங்களா? என் தம்பிக்கா?"

"அப்ப இவன் ஏன் வந்ததும் வராததுமா அங்க போய் நிக்கிறான்? கேளு!"

"வேலையில இருந்து நேரா வர்றான். தன்மேல மில் நாத்தம் அடிக்கும்னு கூச்சப்பட்டு ஒதுங்கி நிக்கிறான். இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"

பூட்டுக்காரர் மச்சினன் பக்கமாகச் சாய்ந்து மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. கையில் திருடன் அகப்பட்டது போல இருந்தது அவருக்கு. "எங்க நாத்தம்? எனக்கு ஒண்ணும் அடிக்கலையே! அக்காளும் தம்பியும் சேர்ந்து கதை கட்டுறீங்களா?"

மச்சினன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். கையைக் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு, அக்காவிடம் மட்டும் தலையசைத்துவிட்டுப் போனான். அன்று முதல் மனைவி அவரிடம் பேச்சை நிறுத்திக்கொண்டாள். சாப்பாடு வரும், தண்ணீர் வரும், பேச்சு வராது.

இதில் இன்னொன்றும் சேர்ந்தது. பெட்டியைத் துடைத்துப் பார்க்க வந்த பெண், வேலை முடிந்து இறங்கிப் போனபோது பூட்டுக்காரர் கடைக்குப் போகிறவர் போலப் பின்னாலேயே போனார். அவள் பஸ் நிறுத்தம் பக்கம் திரும்பவில்லை. சந்தினைச் சுற்றிக்கொண்டு மாவு மில்லின் கேட்டுக்குப் போனாள். காவலாளி வணக்கம் வைத்து உள்ளே விட்டான், தினமும் பார்க்கிற ஆளை விடுவது போல.

நேரே போய் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டினார். "சார், கண்ணால பாத்தேன். அந்தப் பொண்ணு மில்லுக்குள்ள போகுது!"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெட்டியை உங்க வீட்ல வைக்கணும்னு சொன்னது யாரு?"

"அந்தப் பொண்ணுதான்."

"ம்ம். நானும் அதைத்தான் யோசிக்கிறேன்." கதவு சாத்திக்கொண்டது. யாரைக் காட்டிக்கொடுக்கப் போனாரோ, அவளோடு தன்னையும் சேர்த்து மாட்டிவிட்டு வந்திருப்பது படியேறும்போதுதான் அவருக்கு உறைத்தது.

இப்படி வீடும் தெருவும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த வேளையில்தான் மகள் வந்தாள். வெளியூரில் நர்ஸ் படிப்பு, நீண்ட விடுமுறை. பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவள் வாசலிலேயே துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"அப்பா, என்னப்பா இது? எங்கயாவது எலி செத்துக் கிடக்கா?"

பூட்டுக்காரர் பால்கனியை எட்டிப் பார்த்தார். பச்சை. மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. பெற்ற மகளை மேலும் கீழும் பார்த்தார். "வர்ற வழியில உன் மாமனைப் பாத்தியா?"

"மாமாவையா? இல்லையே. ஏன்?"

"உனக்கு யாரு இப்படிச் சொல்லச் சொல்லிக் கொடுத்தது?"

மகள் பையைக் கீழே வைத்தாள். உள்ளே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. எரிச்சலை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலைப்பா. வார்டுக்குள்ள முதல்ல நுழையறப்ப எங்களுக்கும் குமட்டும். கொஞ்ச நேரம் போனா அங்கயே உக்காந்து டீ குடிப்போம். வாசனை போயிடலை, மூக்கு விட்டுடுது, அவ்வளவுதான். உங்க கடையும் வீடும் ரெண்டும் இந்தக் காத்துலதானே இருக்கு? எங்கயாவது வெளியூர் போயிட்டு வாங்க, தெரியும்."

அவர் நம்பவில்லை. ஆனால் சோதிக்காமல் விடுகிற ஆளும் அவர் இல்லை. மலையடிவாரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போடும் வேலை ஒன்று வந்திருந்தது. தூரம் என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வேலை முடியும்வரை அங்கேயே தங்கினார். ஈர மண், புதுச் சுண்ணாம்பு, கதவுகளில் அடித்த வார்னிஷ் எல்லாம் ஒவ்வொன்றாக மூக்குக்கு வந்தன. வார்னிஷ் இத்தனை காரமாக இருக்கும் என்பதையே மறந்திருந்தார்.

திரும்பிவந்த பஸ் ஊருக்குள் நுழைந்து பாலத்தைத் தாண்டியதும், குப்பென்று ஒரு நாற்றம் முகத்தில் அடித்தது. பக்கத்து இருக்கைக்காரரின் மடியில் இருந்த பையைத்தான் பூட்டுக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். அந்த மனிதரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு இவருடைய கருவிப் பெட்டியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி நடந்தார். நாற்றம் கூடவே வந்தது. சந்தில், படிக்கட்டில், தன் வீட்டுக் கதவில். உள்ளே போய்த் தலையணையை எடுத்து மோந்தார். கொடியில் கிடந்த தன் சட்டையை மோந்தார். எல்லாவற்றிலும் அழுகிய மீனும் கரிந்த எலும்பும். மனைவி, இத்தனை நாள் பேசாதவள், பயந்துபோய் "என்னங்க ஆச்சு?" என்றாள்.

அவர் நேரே பால்கனிக்குப் போனார். அந்த நாற்றக் காற்றில் பெட்டி பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பெட்டியை வைத்த நாள் அவர் நினைவுக்கு வந்தது. பெட்டியை யாரும் பொத்தவில்லை, யாரும் விலைக்கு வாங்கவும் இல்லை. இதுதான் சுத்தமான காற்று என்று முதல் நாளே அதற்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. சொல்லிக் கொடுத்தது அவருடைய மூக்கு.

பெட்டிக்காரப் பெண்ணுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொன்னார்.

"சிலிண்டர் வந்து நாளாச்சு சார். பூஜ்யத்தை மாத்தி வைக்கணும்னு தோணவே இல்லை எனக்கு. அன்னிக்கு ஜலதோஷத்தோட வந்தது என் தப்பு." பிறகு இன்னொன்றும் சொன்னாள்: "மில்லுக்குள்ளயும் ஒரு பெட்டி வச்சிருக்கோம் சார். அது எகிறுது, உங்களது எகிறலை. நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன். உங்க வீட்டு ஆள் அங்க வேலை செய்றார்னு கேள்விப்பட்டேன்."

"நானும் உன்னைச் சந்தேகப்பட்டேன்மா. உன் பின்னாலயே கேட் வரைக்கும் வந்தேன்."

"பாத்தேன் சார். அதனாலதான் இன்னும் சந்தேகமாப் போச்சு."

மறுநாளே சிலிண்டரோடு வந்தாள். குழாயைப் பெட்டியின் துளையில் பொருத்தி, அடைத்துவைத்த காற்றை அதற்குக் காட்டி, பூஜ்யத்தை மாற்றினாள். குழாயை எடுத்ததும் மஞ்சள். அவள் கையைத் துடைப்பதற்குள் சிவப்பு. பூட்டுக்காரர் கீழே போய் வாத்தியாரையும் மற்ற வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். தன் மூக்குதான் தப்பு என்று சொல்லும்போது முகம் சிவந்தது. வாத்தியார் பெட்டியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு கேட்டார்: "இப்பச் சிவப்பு காட்டச் சொன்னது யாரு?" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை, சிலிண்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று குனிந்து படித்துக்கொண்டிருந்தார்.

இனிப் பாக்கி இருந்தது மச்சினன் வீடு. தனி அறை, தகரக் கதவு. அவன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியையும் மறிக்கவில்லை. பூட்டுக்காரர் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

அவன் கேட்டுக்கொண்டான். அவனுக்கு அக்கறை வேறு ஒன்றில் இருந்தது. "மாமா, இப்ப உங்களுக்கு நல்லாத் தெரியுதுல்ல? சொல்லுங்க. என்மேல அடிக்குதா?"

பூட்டுக்காரருக்கு நாற்றம் வாசலிலேயே அடித்தது. பொய் சொல்லியிருக்கலாம். "அடிக்குது மாப்ள" என்றார்.

அவன் தலையை ஆட்டினான். "எனக்கே தெரியமாட்டேங்குது. அக்கா இல்லைன்னுதான் சொல்லும். பஸ்ல பக்கத்துல ஆள் உக்காராதப்பதான் புரிஞ்சுக்குவேன்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "போயிட்டு வாங்க மாமா. உண்மையைச் சொன்னீங்க, சரி. ஆனா எனக்கு இன்னும் கோபம் தீரலை."

"தீரட்டும். அதுக்கு அப்புறம் வா."

அலுவலகம் இந்த முறை தட்டிக்கழிக்க முடியவில்லை. மில் கழிவுக் குழிக்கு மூடி போட்டது. கொதிகலன் புகையைக் குழாய் வழியாக, ஈரமான மரச்சில்லு நிரப்பிய ஒரு பெரிய தொட்டிக்குள் விட்டது. நாற்றம் ஒழிந்தது என்று சொல்ல முடியாது. குமட்டும் நாட்கள் குறைந்தன. பெட்டி பெரும்பாலும் மஞ்சளில் நின்றது.

மழைக்காலம் தொடங்கியபோது மச்சினன் ஒரு நாள் மத்தியானம் வந்தான். குளித்து, மாற்றுச் சட்டை போட்டிருந்தான். அந்த மரச்சில்லுத் தொட்டிக்குத் தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்ளும் வேலை இப்போது அவனுடையது. "சில்லுல கிருமி வளருது மாமா. அது நாத்தத்தைத் தின்னுடும்" என்று அக்கா எதிரில் பெருமையாகச் சொன்னான்.

"கிருமி நாத்தத்தைத் திங்குமா? யாரு பாத்தது?" என்றார் பூட்டுக்காரர்.

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். மச்சினனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வாங்க, நீங்களே மோந்து பாருங்க. கேட்ல சொல்லி வைக்கிறேன்."

"வர்றேன்" என்றார். "இப்ப உக்காரு, சாப்பாடு ஆறுது."

அவன் கூடத்திலேயே, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.